விடைபெற்றவர் எழுதிய வரி

பிரியாவிடை வைபவங்களிலே வாசிக்கப்படும் வாழ்த்துமடல்கள் பலவற்றை நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவற்றின் இலக்கணம் யாவரும் அறிந்ததே. விடைபெறுபவரின் பிறப்பு, கல்வி, வகித்த பதவிகள், பண்புகள். இறுதியிலே நீடு வாழ்கவென்னும் வாழ்த்து. பின்னர் கண்ணாடிச் சட்டம், மாலை, சிற்றுண்டி. ஒரு முறை மாத்திரம் இவ்விலக்கணம் என் கையிலே இடறியது. ஓய்வுபெறவிருந்த முதிய அதிபர் ஒருவர் என்னை அழைத்து, "தம்பி, புதுக் கட்டடத்துக்காக நான் தறிப்பிச்ச அந்த வேம்பைப் பற்றியும் ஒரு வரி போடும்" என்றார். நான் போடவில்லை. விழா நாளிலே அத்தகைய வரி பொருந்தாது என்று எண்ணினேன். அவரும் பின்னர் அதுபற்றி ஒன்றும் கேட்டாரல்லர்.

அமெரிக்கரான டேவிட் பிறௌவரின் வரலாற்றைப் படிக்குந்தோறும் அந்த வேம்பு என் நினைவுக்கு வருகின்றது. அம்மனிதர் பிறர் எழுதட்டும் என்று காத்திருக்கவில்லை. தமக்குரிய வரியைத் தாமே எழுதினார்.

1892ஆம் ஆண்டிலே ஜோன் மூயர் முதல்வராயிருக்கத் தொடங்கப்பெற்றது சியேரா கழகம். மலையேறுவோரும் காட்டை நேசிப்போரும் சேர்ந்த சங்கம் அது. 1912இல் கலிபோர்னியாவிலே பிறந்த பிறௌவர் 1933இல் அதன் அங்கத்தவரானார். தேர்ந்த மலையேறி, நூற்பதிப்பாளர், இரண்டாம் உலகப்போரிலே இத்தாலியில் மலைப்படையோடு நின்றவர். 1952இல் கழகம் அவரைத் தன் முதலாவது நிறைவேற்றுப் பணிப்பாளராக நியமித்தது. அப்போது அங்கத்தவர் தொகை 7,000 அளவில் இருந்தது. அவர் விலகியபோது 70,000ஐத் தாண்டியிருந்தது.

அவர் பொருத முதற் பெரும்போர் எக்கோ பார்க் அணைக்கட்டைப் பற்றியது. கொலறாடோ ஆற்றினதும் அதன் கிளைகளினதும் நீரைத் தேக்குவதற்கு அரசின் நீர்ப்பாசனப் பணியகம் அணைகள் பலவற்றைத் திட்டமிட்டது. அவற்றுள் ஒன்று, பாதுகாக்கப்பட்ட நிலமாகிய டைனோசர் தேசிய நினைவகத்துள் எழவிருந்தது. அவ்விடத்திற் கட்டினால் ஆவியாகி இழக்கப்படும் நீர் குறைவு என்பது பணியகத்தின் வலுவான வாதம். 1954இல் காங்கிரஸ் உபகுழுவின் முன் தோன்றிய பிறௌவர் பொறியியல் கற்றவரல்லர். ஒன்பதாம் வகுப்பு எண்கணிதமே தமக்குத் தெரியும் என்று கூறிக்கொண்டு, கரும்பலகையிலே கூட்டியும் கழித்தும் காட்டினார். பணியகத்தின் கணக்கிலே கழித்தலொன்று விடுபட்டிருந்தது! முதலில் ஏளனஞ் செய்த அதிகாரிகள் பின்னர் பிழையை ஒப்புக்கொண்டனர். எண்கணிதம் எதற்கு உதவும் என்று கேட்கும் மாணவருக்கு ஆசிரியர்கள் இக்கதையைச் சொல்லலாம். 1956இல் நிறைவேறிய சட்டத்திலே எக்கோ பார்க் அணை இடம்பெறவில்லை.

இவ்வளவிலே நிறுத்தினால் நல்லதொரு வாழ்த்துமடல் ஆகிவிடும். ஆனால் அதே கரும்பலகையிலேதான் மற்றொரு கணக்கும் இருந்தது. எக்கோ பார்க்கிலே தேக்கவிருந்த நீரைக் கொலறாடோ ஆற்றின் கீழ்ப்பகுதியில், கிளென் கன்யன் என்னும் ஆழ்ந்த மலையிடுக்கிலே அணையை உயர்த்திக் கட்டித் தேக்கலாமே என்று அவர் வாதிட்டிருந்தார். அவ்விடத்தை அவர் கண்ணாற் கண்டதில்லை. கண்டவர்களே அருமை. எக்கோ பார்க் கைவிடப்பட்டதும் கழகம் தன் எதிர்ப்பை விலக்கிக்கொண்டது; கிளென் கன்யன் அணை எழுந்தது. உயரம் 710 அடி.

அதன் பின்னரே பிறௌவர் அவ்விடுக்கினூடு படகிலே சென்றார். செந்நிறப் பாறைச் சுவர்கள், அவற்றிடையே ஒளிந்து கிடந்த குறுகிய கிளையிடுக்குகள், கசியும் நீரிலே தழைத்த பாசியும் பன்னமும். 1869இல் ஆற்றை ஆராய்ந்து சென்ற ஜோன் வெஸ்லி பவல் அங்கே குரல் எதிரொலித்த பெரும் பாறைக்குடைவு ஒன்றுக்குச் சங்கீத ஆலயம் என்று பெயரிட்டிருந்தார். 1963இல் அணையின் வாயில்கள் மூடப்பட்டன. சங்கீத ஆலயம் மூழ்கியது. அதை மூழ்கடித்த நீர்த்தேக்கத்துக்குப் பவலின் பெயரையே சூட்டினார்கள்! அதே ஆண்டு எலியட் போட்டரின் நிழற்படங்களோடு 'யாரும் அறியாத இடம்' என்னும் பொருள்பட ஒரு நூலைக் கழகம் வெளியிட்டது. அதன் முன்னுரையிலே, அவ்விடத்தின் சாவுக்குத் தாமும் ஒரு பகுதி பொறுப்பென்று பிறௌவர் எழுதினார். பணியகத்தை மாத்திரம் குற்றஞ்சாட்டியிருந்தால் எவரும் குறை கூறியிரார்.

அந்தச் சூடு அவரை மாற்றியது. கிறாண்ட் கன்யனிலே இரண்டு அணைகள் கட்டும் யோசனை வந்தபோது, 1966 ஜூன் மாதத்திலே பெரும் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரங்கள் தோன்றின. நீர் நிரம்பினால் உல்லாசப் பயணிகள் பாறைகளை நெருங்கிப் பார்க்கலாம் என்று அதிகாரிகள் சொன்னதற்கு, பின்னர் வந்த விளம்பரமொன்று மறுகேள்வி கேட்டது: கூரை ஓவியங்களை நெருங்கிப் பார்ப்பதற்காகச் சிஸ்ரைன் ஆலயத்தையும் நீரால் நிரப்பலாமா? முதல் விளம்பரம் வெளிவந்த மறுநாளே வருமானவரி அதிகாரிகளின் எச்சரிக்கை வந்தது. கழகத்துக்கான நன்கொடைகள் வரிச்சலுகையை இழந்தன. ஆனால் 1968இல் நிறைவேறிய சட்டத்திலே அவ்விரு அணைகளும் இல்லை.

இனி விடைபெற்ற கதை. பிறௌவர் இணங்கிப் போகத் தெரியாதவராகிவிட்டார். நூல் வெளியீடுகளால் கழகத்திலே கடன் ஏறியது. சபையின் அனுமதியைக் கேளாமலே செலவு செய்தார். டியாப்லோ கன்யன் அணுமின் நிலையம் பற்றிக் கழகம் எடுத்த முடிவைப் பகிரங்கமாக எதிர்த்தார். அவரை எதிர்த்து நின்றவர்கள் அயலாரல்லர். பழைய மலையேற்றத் தோழர் றிச்சர்ட் லெனர்ட், புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர் அன்செல் அடம்ஸ் முதலிய நண்பர்களே. அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன். கணக்குக் காட்டாத தலைவரை எந்தச் சங்கமும் நெடுநாள் சுமக்க இயலாது. பணியகத்தின் கணக்கிலே பிழை கண்டவர் தம் கழகத்தின் கணக்கைக் கவனியாது விட்டது ஒரு விநோதம். 1969 மே 3ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவிலே கூடிய பணிப்பாளர் சபை, பத்துக்கு ஐந்து என்ற வாக்குகளால் அவருடைய இராஜிநாமாவை ஏற்றுக்கொண்டது.

அவ்வாண்டிலேயே 'பூமியின் நண்பர்கள்' என்னும் புதிய அமைப்பை அவர் தொடங்கினார். எட்டு ஆண்டுகள் கழிந்து, 1977இல், சியேரா கழகம் தன் உயர்விருதாகிய ஜோன் மூயர் விருதை அவருக்கு வழங்கியது. வாழ்த்துமடல் தாமதமாக வந்து சேர்ந்தது எனலாம். அவர் அதனோடு திருப்தியடைந்து அமரவில்லை. மீண்டும் பணிப்பாளர் சபைக்குத் தெரிவாகி, 1996இல், பவல் நீர்த்தேக்கத்தை வடித்துவிட வேண்டும் என்ற பிரேரணையை அதே கழகத்தின் முன் வைத்தார். அப்போது அவருக்கு வயது 84. சபை அதனை ஏகமனதாக நிறைவேற்றியது. அரசு செவிசாய்க்கவில்லை.

நான் எழுதிய அந்த மடல் இப்போதும் பாடசாலை மண்டபத்துச் சுவரிலே தொங்குகிறது. அதிபர் காலமாகிவிட்டார். கண்ணாடியைக் கழற்றி ஒரு வரி சேர்ப்பதற்கு இனி யாரிடம் அனுமதி கேட்பேன்?

பிறௌவர் 2000 நவம்பர் 5ஆம் திகதி மறைந்தார். அணை இன்றும் நிற்கின்றது. ஆனால் அவர் மறைந்த பின் வந்த நீண்ட வறட்சியினால் நீர்த்தேக்கம் தாழ்ந்து, மூழ்கியிருந்த கிளையிடுக்குகள் சில வெளிப்பட்டன. சேறு படிந்த அவற்றின் அடியிலே ஓடைகள் மறுபடி ஓடுகின்றன. கரையிலே செடிகள் முளைக்கின்றன. மேலே, செந்நிறப் பாறையிலே, முன்பு நீர் நின்ற உயரம் வரைக்கும் வெண்மையான கறை தெரிகின்றது.