பளபளப்பு போக எஞ்சும் விலை

இணைய ஏலத்தில் பழைய காரைக் கேட்பவருக்கு அதைத் தட்டிப் பார்க்கவோ அடியில் படுத்துப் பார்க்கவோ வழியில்லாததால், விற்பவர் அளிக்கும் படங்களும் தாள்களும் ஒன்றுக்கொன்று எவ்வளவு பொருந்துகின்றன என்பதைக் கொண்டே அவர் காரின் நிலையையும் விலையையும் கணிக்க வேண்டியிருக்கிறது. புதுப்பொலிவுடன் நிற்கும் கார் இந்தக் கணிப்பில் பெரும்பாலும் உதவுவதில்லை; பூசி மெழுகிய கார் தன் வரலாற்றையும் சேர்த்தே மூடிவிடுகிறது.

ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் தயாரித்த 911 வகைக் கார்களில் 1973ஆம் ஆண்டு மாதிரிகள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். அவ்வாண்டின் சாதாரண 911 டி காரும், பந்தயத் தகுதிக்காக முதலில் 500 மட்டும் தயாரிக்கத் திட்டமிடப்பட்டு இறுதியில் 1,580 வரை உருவான கரேரா ஆர்.எஸ். 2.7 காரும் தோற்றத்தில் உடன்பிறப்புகள். ஆனால் பின்னது முன்னதைவிடப் பல மடங்கு விலை போவது. பின்புறம் வாத்தின் வாலைப் போல நிமிர்ந்து நிற்கும் தகட்டைப் பொருத்தி, பக்கவாட்டில் எழுத்துகளை ஒட்டிவிட்டால் டி காரை ஆர்.எஸ். போலக் காட்டிவிடலாம் என்பதால், அறிந்தவர்கள் வாலைப் பார்ப்பதற்கு முன் சேசிஸ் எண்ணைப் பார்க்கிறார்கள். ஆர்.எஸ். காரின் பத்து இலக்க எண் 911360 என்று தொடங்கும். அதில் 911 என்பது மாதிரி, அடுத்த 3 ஆண்டு, 6 அந்த வகைக்குரிய குறி. தகட்டில் அடித்த எண், தொழிற்சாலையில் பொருத்திய அதே என்ஜினின் எண், நிறுவனத்தின் பழைய பதிவேடு ஆகிய மூன்றும் இசைந்தால் மட்டுமே ‘எண் பொருத்தம்’ உள்ள கார் என்ற மதிப்பு அதற்குக் கிட்டும். எண்ணைச் சுற்றியுள்ள தகட்டில் அரம் தேய்த்த கோடுகள் தெரிந்தாலோ, அந்த ஒரு படம் மட்டும் மங்கலாக இருந்தாலோ ஐயப்படுவதே முறை.

எண் தேறிய பிறகு துரு வருகிறது. துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டைப் போர்ஷே தன் 911 உடலுக்குப் பரவலாகப் பயன்படுத்தத் தொடங்கியது 1976ஆம் ஆண்டு மாதிரிகளில்தான். அதற்கு முந்தைய கார்களில் கதவுக்குக் கீழே ஓடும் பக்கச் சட்டங்களும், முன்பக்கம் பேட்டரி அமரும் இடங்களும் உள்ளிருந்தே அரித்துப் போகக்கூடியவை. அரித்த இடத்தை வெட்டிப் புதுத் தகடு பற்றவைப்பது செலவு பிடிக்கும் வேலை. பட்டி தடவித் தேய்த்துப் பெயிண்ட் அடிப்பதோ மலிவானது. மாலை வெயில் சாய்வாக விழும் படத்தில், கதவில் பிரதிபலிக்கும் கோடு ஓரிடத்தில் நெளிந்து காணப்பட்டால் அங்கே பட்டி இருக்கக்கூடும். பெயிண்டின் தடிப்பை அளக்கும் கருவியை விற்பவரே வைத்துக் காட்டினால் ஐயம் இன்னும் தெளியும்: மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரான் கணக்கில், தொழிற்சாலைப் பூச்சு பெரும்பாலும் நூறு, நூற்றைம்பதை ஒட்டி நிற்கும், ஆயிரத்தைத் தாண்டினால் அடியில் பட்டிதான். காரின் அடிப்பாகம் முழுவதும் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருப்பது பாதுகாப்பு என்று சொல்லப்பட்டாலும், ஏலத்துக்கு முந்தைய வாரம் அடித்த பூச்சு எதைப் பாதுகாக்கிறது என்பது வேறு கேள்வி.

மீட்டர் காட்டும் தூரத்தை நம்ப வேண்டியதில்லை. ஐந்து இலக்க மீட்டர் 99,999ஐத் தாண்டியதும் மீண்டும் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும் என்பதால், பட்டறை ரசீதுகளில் ஆண்டுதோறும் குறித்த எண்களே சாட்சி. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ‘வாரந்தோறும் ஓட்டப்படும்’ காரின் டயர் அவ்வளவு பழையதாகவும் தேயாமலும் இருந்தால் அந்தப் பேச்சு நிற்காது.

பழுது எல்லாமே மதிப்பைக் குறைப்பதில்லை. ‘புல்லிட்’ திரைப்படத்தில் ஸ்டீவ் மெக்குவீன் ஓட்டிய 1968 ஃபோர்டு மஸ்டாங், 1974 முதல் ஒரே குடும்பத்திடம் இருந்து, மங்கிய பெயிண்டும் துருவுமாக 2020 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நேரடி ஏலத்துக்கு வந்து, கட்டணம் நீங்கலாக 34 லட்சம் டாலருக்கு விலை போயிற்று. படப்பிடிப்புக் கேமராவுக்காக அடியில் பற்றவைத்த தாங்கிகள் அதில் அப்படியே இருந்தன. அதைப் புதுப்பித்திருந்தால் அந்தச் சான்றுகளுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

இனி விலை. ஏலத் தளங்களில் முடிந்த விற்பனைகள் வெளிப்படையாகக் கிடைப்பதால், ஒரே மாதிரியின் பழைய முடிவுகளை அடுக்கிப் பார்ப்பது எளிது. எனினும் இறுதி விலையைத் தீர்மானிப்பவர் வென்றவர் அல்லர், அவருக்கு அடுத்தபடியாகக் கேட்டு விலகியவரே என்பதால், இருவர் வீம்புக்குக் கேட்ட ஒற்றை ஏலத்தைச் சந்தை விலையாகக் கொள்வது பிழை. விற்பவர் மனத்தில் வைத்த குறைந்தபட்ச விலைக்கு எட்டாமல், படியாமல் போன ஏலங்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அவற்றின் உச்சக் கேள்வியும் ஒருவர் கொடுக்க முன்வந்த பணமே. ‘ஒரு தரம், இரண்டு தரம்’ என்று கூவுபவரின் இடத்தில் இங்கே கடிகாரம் இருக்கிறது. பல தளங்களில் கடைசி நொடிகளில் யாரேனும் விலை ஏற்றினால் நேரம் மீண்டும் இரண்டு நிமிடம்வரை நீள்கிறது. வாங்குபவர் கட்டணம், ஏற்றிவரும் செலவு, வந்ததும் பட்டறையில் விழும் முதல் பில் ஆகியவற்றைக் கழித்துத் தன் உச்சவரம்பைத் தாளில் எழுதி வைக்காதவருக்கு, அந்த இரண்டு நிமிடங்களே காரைவிட விலை கூடியவையாக ஆகிவிடக்கூடும்.