ஓராண்டுத் திரைநோன்பு

வன்னி நாட்டு மக்களுக்கு ஒரு காட்சியை விடிய விடிய இருந்து பார்ப்பது புதிய பழக்கமன்று. முல்லைத்தீவுப் பகுதியிலே கோவலன் கூத்து ஆடப்பெறும் இரவுகளில், ஊரார் பாயுடனும் பிள்ளைகளுடனும் வந்து கோயில் வெளியில் அமர்வர். கதை எல்லோருக்கும் முன்னரே தெரிந்தது. சிலம்பு விற்கச் சென்றவன் மீளமாட்டான் என்பதைச் சிறுபிள்ளையும் அறியும். ஆயினும் அண்ணாவியார் பாட்டை எடுத்தவுடன் கூட்டம் அடங்கிவிடும். பொழுது புலர்ந்து வீடு திரும்பும் வழியிலே, கண்ணகியாக ஆடியவர் சென்ற ஆண்டிலும் இவ்வாண்டு நன்றாக ஆடினாரா என்ற வாதம் தொடங்கிவிடும். கூடியிருந்து பார்த்தல், பார்த்ததைப் பேசுதல், ஒன்றோடொன்றை ஒப்பிடுதல் ஆகிய இம்மூன்றுமே கலாரசனையின் அடித்தளமாகும்.

சினிமா இந்த மண்ணுக்குப் பல வழிகளால் வந்தது. படக்கொட்டகைக்குப் போக வசதியில்லாத வயற்காரர், வானொலியில் ஒலிபரப்பான திரைப்பட ஒலிச்சித்திரங்களின் மூலம் படத்தைக் காதால் பார்த்தனர். 1990 ஆம் ஆண்டின் பின், வடபுலத்துக்கு மின்சாரம் அற்றுப்போன காலத்தில், மின்பிறப்பாக்கியும் தொலைக்காட்சிப் பெட்டியும் ‘டெக்’கும் வாடகைக்கு எடுத்து, எரிபொருள் தீருமுன் ஒரே இரவில் மூன்று நான்கு படங்களைப் பார்த்து முடித்தனர். இன்று நிலைமை தலைகீழாக மாறிவிட்டது. கைக்குள் அடங்கும் தொலைபேசியிலே உலகத்துப் படங்கள் யாவும் வந்து குவிகின்றன. ஆனால் கிடைப்பது பெருகியதற்கு ஏற்பப் பார்வை விரிந்ததா என்று கேட்டால், விரிந்தது என்று துணிந்து சொல்ல இயலாது. சென்னையிலிருந்து அந்த வாரம் எது வந்ததோ அதுவே கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அந்த வாரத்தின் படமாகிவிடுகின்றது. முன்பு இல்லாமையினால் குறுகியிருந்த பார்வை இன்று மிகுதியினால் குறுகிக் கிடக்கின்றது.

இதற்கு மாற்றாக வகுக்கத்தக்கதே ஓராண்டுத் திரைநோன்பு. நோன்பு என்பது எண்ணி எடுக்கும் உறுதி. இன்ன காலத்துக்குள், இத்தனை படங்களை, இன்ன முறைப்படி பார்த்து முடிப்பது என்று ஒரு நூலகத்து வாசகர் வட்டமோ, பாடசாலையோ, ஒரு குடும்பமோ தனக்குத்தானே விதித்துக் கொள்வது. இத்தகைய முயற்சி வேறிடங்களில் பெரும்பயன் விளைத்திருக்கிறது. 1947 ஆம் ஆண்டில் சத்யஜித் ராயும் நண்பர்களும் கல்கத்தாத் திரைப்படக் கழகத்தைத் தொடங்கி, பிறநாட்டுப் படங்களைத் தேடிப் பார்த்து விவாதித்தனர். எட்டு ஆண்டுகளில் ‘பாதேர் பாஞ்சாலி’ பிறந்தது. கேரளத்திலே 1984 ஆம் ஆண்டில் ஜோன் ஆபிரகாமும் தோழர்களும் ஒடேசா என்ற அமைப்பைக் கண்டு ஊரூராகச் சென்று நல்ல படங்களைக் காட்டினர். பொதுமக்கள் கொடுத்த காசைச் சேர்த்து 1986 இல் ‘அம்ம அறியான்’ என்ற படத்தையும் ஆக்கினர். பார்க்கப் பழகிய சமூகமே படைக்கவும் பழகும் என்பதற்கு இவை சான்று.

இனி, நோன்பின் கடினமான பகுதி அளவீடு ஆகும். உள்நாட்டுப் படம் எத்தனை, பிறநாட்டுப் படம் எத்தனை? இக்கேள்வியை அரசுகளே எதிர்கொண்டதுண்டு. பிரித்தானியா 1927 ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றி, கொட்டகைக்காரர் குறித்த விகிதம் உள்நாட்டுப் படம் காட்டவேண்டும் என்று விதித்தது. நூற்றுக்கு 5 என்று தொடங்கிய அவ்விகிதம் 1936 இல் 20 ஆயிற்று. பிரான்சு 1946 ஆம் ஆண்டில் அமெரிக்காவோடு செய்த உடன்பாட்டிலே மூன்று மாதங்களுக்கு நான்கு வாரங்களைத் தன் படங்களுக்கென ஒதுக்கிக் கொண்டது. இது போதாது என்று கலைஞர்கள் வீதியில் இறங்கவே, 1948 இல் அது ஐந்து வாரமாயிற்று. தென்கொரியாவில் ஆண்டுக்கு 146 நாட்கள் என்றிருந்த ஒதுக்கீடு 2006 ஆம் ஆண்டில் 73 நாட்களாகக் குறைக்கப்பட்டது. இவை வணிகத்தைக் கருதிய சட்டங்கள். நோன்போ விருப்பத்தைக் கருதியது. ஆயினும் இவற்றிலிருந்து ஒரு பாடம் பெறலாம். அளவொன்றை வகுக்காது விட்டால், பணமும் விளம்பரமும் மிகுந்த பக்கத்துக்கே தராசு தானாகச் சாயும்.

ஆனால் வன்னியில் தராசை எடுத்தவுடனே ஒரு சிக்கல் தோன்றுகின்றது. ‘உள்நாட்டுப் படம்’ என்பது எது? தமிழகத்துப் படம் சட்டத்தின்படி வெளிநாட்டுப் படம். ஆனால் காதுக்கும் நெஞ்சுக்கும் அது வீட்டுப் படம். சிங்களப் படம் சட்டத்தின்படி உள்நாட்டுப் படம். ஆனால் முல்லைத்தீவு முதியவருக்கு அது இத்தாலியப் படத்தைப் போலவே அந்நிய மொழிப் படம். ஈழத்துத் தமிழ்ப் படமோ சட்டத்தாலும் மொழியாலும் சொந்தமானது. எனினும் மிகக் குறைவாகப் பார்க்கப்படுவது அதுவே. ஆகவே உள்நாடு, வெளிநாடு என்ற இரண்டு தட்டுகள் இங்கே போதமாட்டா. ஈழத்துத் தமிழ், சிங்களம், தமிழகம், உலகம் என நான்கு கூறுகள் வேண்டும்.

நான்கு கூறுகளுக்கும் ஆறு ஆறாக, ஆண்டொன்றுக்கு இருபத்துநான்கு படங்கள் என்று கொள்ளலாம். மாதம் இரண்டு படம்; அதற்குமேல் வைத்தால் உழைக்கும் மக்களுக்கு நோன்பு சுமையாகும். சித்திரை, ஆனி, ஆவணி, ஐப்பசி, மார்கழி, மாசி ஆகிய ஆறு மாதங்களிலும் ஈழத்துத் தமிழ்ப் படம் ஒன்றும் உலகப் படம் ஒன்றும். ஏனைய ஆறு மாதங்களிலும் சிங்களப் படம் ஒன்றும் தமிழகப் படம் ஒன்றும் என அமைக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் ஒரு நயம் உண்டு. எந்த மாதத்தை எடுத்தாலும் அதில் ஒரு படம் இந்நாட்டுடையது, மற்றது பிறநாட்டுடையது. ஒரு படம் தமிழ் பேசுவது, மற்றது வேறு மொழி பேசுவது. ஆண்டு முடியும்போது நாட்டாலும் மொழியாலும் தட்டுகள் சமமாக நிற்கும்.

ஈழத்துத் தமிழ்க் கூறிலே, கட்டடக் கலைஞர் வீ. எஸ். துரைராஜா தயாரித்த ‘குத்துவிளக்கு’ (1972), வானொலி நகைச்சுவைத் தொடரிலிருந்து திரைக்கு வந்த ‘கோமாளிகள்’ (1976), தர்மசேன பத்திராஜ இயக்கிய ‘பொன்மணி’ (1977), செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ (1978), அசோக ஹந்தகம தமிழில் ஆக்கிய ‘இனி அவன்’ (2012) ஆகியவற்றை வைக்கலாம். ஆறாவது இடத்தை வன்னி இளைஞர் எடுத்த குறும்படங்களுக்கு ஒதுக்குதல் முறை.

சிங்களக் கூறிலே, லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ (1956), 1965 ஆம் ஆண்டில் புதுதில்லித் திரைப்பட விழாவிலே தங்க மயில் விருது பெற்ற ‘கம்பெரலிய’, அவரது ‘நிதானய’, சுமித்ரா பீரிஸின் ‘கெஹெனு லமயி’ (1978), பத்திராஜவின் ‘பம்பரு ஆவித்’ (1978), பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’ (1997) ஆகியன அமையும்.

தமிழகக் கூறு அந்த வாரத்துப் படங்களுக்கு மாற்றாக அமைய வேண்டும். மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979), மட்டக்களப்பு அமிர்தகழியிலே பிறந்த பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988), மாங்குளத்தைத் தேடிவரும் சிறுமியின் கதையாகிய ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002), ‘காக்கா முட்டை’ (2015), ‘பரியேறும் பெருமாள்’ (2018), ‘கூழாங்கல்’ (2021) என்பன தக்கவை. மாங்குளத்தை அறிந்தவர்கள் திரையில் வரும் மாங்குளத்தைப் பார்த்து எது பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று எடைபோடும் மாலைப்பொழுது, பல திறனாய்வு நூல்களுக்கு ஈடாகும்.

உலகக் கூறிலே சப்ளினின் ‘மொடேர்ன் ரைம்ஸ்’ (1936), இத்தாலியின் ‘சைக்கிள் திருடர்கள்’ (1948), யப்பானின் ‘ஏழு சாமுராய்கள்’ (1954), வங்காளத்தின் ‘பாதேர் பாஞ்சாலி’ (1955), யப்பானிய இயக்குநர் ஷிண்டோவின் ‘வெறுந்தீவு’ (1960), ஈரானிய இயக்குநர் கியரொஸ்தமியின் ‘நண்பனின் வீடு எங்கே’ (1987) ஆகியன தொடக்கத்துக்குப் போதும். விளைந்த பயிரைக் கொள்ளையரிடமிருந்து காக்கும் கதையை வயற்காரருக்கு விளக்கத் தேவையில்லை. தண்ணீரைத் தோளில் சுமந்து மேடேறும் குடும்பத்தின் கதையாகிய ‘வெறுந்தீவி’ல் பேச்சு இல்லையென்றே சொல்லலாம், அதனால் மொழித்தடையும் இல்லை.

பட்டியலைவிட முக்கியமானது படங்களை இணைக்கும் முறை. ‘வாடைக்காற்று’, ‘பம்பரு ஆவித்’ ஆகிய இரண்டும் ஒரே ஆண்டில் வந்தவை. இரண்டும் கடற்றொழிலாளர் கதைகள். இரண்டிலும் வெளியூரார் ஒரு கரைக்கு வந்திறங்குவதால் சிக்கல் பிறக்கின்றது. அடுத்தடுத்த மாதங்களில் முல்லைத்தீவுக் கரையில் இவற்றைக் காட்டினால், இரு மொழிக் கலைஞரும் ஒரே கடலைப் பார்த்தமை விளங்கும்.

‘புரஹந்த களுவர’ இதனினும் ஆழமாகத் தொடும். வறண்ட குளத்தருகே வாழும் கண்பார்வையற்ற முதியவர் ஒருவர், இராணுவத்தில் சேர்ந்த மகனின் உடல் என்று முத்திரையிட்ட பெட்டி வந்தபோது, மகன் இறந்தான் என்பதை ஏற்க மறுக்கிறார்; நட்டஈட்டுப் படிவத்திலும் கையொப்பமிட மறுக்கிறார். இறுதியில் பெட்டியைத் தோண்டித் திறந்தால் அதனுள் கிடப்பவை வாழைத்தண்டும் கல்லுமே. 2000 ஆம் ஆண்டில் திரையிடப்படாது தடுக்கப்பட்ட இப்படம், மறு ஆண்டில் உயர் நீதிமன்றத் தீர்ப்பினாலேயே வெளிவந்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 ஆம் ஆண்டு மாசி மாதத்தில் தொடர் போராட்டம் தொடங்கிய ஊர் கிளிநொச்சி. படத்தை ஏந்திக்கொண்டு தெருவோரத்தில் அமர்ந்த தாயும், பெட்டியை நம்ப மறுத்த அந்தத் தந்தையும் எதிரெதிர்ப் பக்கங்களைச் சேர்ந்தவர்கள். எனினும் இருவரும் கேட்பது உண்மை ஒன்றையே. இதனை எந்தச் சொற்பொழிவும் இவ்வளவு எளிதாக உணர்த்திவிடாது. அதே வேளையில், இத்தகைய படத்தை முன்னறிவித்தல் இன்றிக் காட்டுதல் தகாது. கதையை முன்னதாகச் சொல்லி, விரும்பாதவர் விலகியிருக்க இடமளித்து, சபை ஒன்றோடொன்று பழகியபின், புரட்டாதி மாதமளவில் இதனை வைப்பதே பண்பாகும். நோன்பு நெஞ்சைப் பக்குவப்படுத்த வேண்டுமேயன்றிப் புண்ணைக் கிளறக்கூடாது.

மொழித்தடைக்கு மருந்து பழைய காலத்திலேயே உண்டு. மௌனப்பட நாட்களில் யப்பானியக் கொட்டகைகளில் பென்ஷி என்ற கதைசொல்லி திரைக்கருகே நின்று கதையை எடுத்துரைப்பார். தமிழ் எழுத்துரை இல்லாத படங்களுக்கு, சிங்களம் அறிந்த ஓர் ஆசிரியரோ மாணவரோ அவ்வாறு நின்று சொல்லலாம். கூத்திலே கட்டியகாரனைக் கேட்டுப் பழகிய மக்களுக்கு இது வியப்பாகத் தோன்றாது.

காலத்தையும் ஊரின் தொழிலோடு பொருத்த வேண்டும். காலபோக விதைப்பும் மாரிமழையும் சேரும் ஐப்பசி, கார்த்திகையில் நீளம் குறைந்த படங்களைக் கூரையின் கீழ் காட்டவேண்டும். மூன்றரை மணி நேரம் ஓடும் ‘ஏழு சாமுராய்க’ளை, அறுவடை முடிந்து மனமும் களஞ்சியமும் நிறைந்திருக்கும் மாசியில் வைக்க வேண்டும். வற்றாப்பளைப் பொங்கலும் போரில் மாண்டோரின் நினைவுநாளும் வரும் வைகாசியில், அந்நாட்களைத் தவிர்த்து, சிறுவரும் பார்க்கத்தக்க ‘காக்கா முட்டை’ போன்றவற்றைத் தெரிதல் நன்று.

பிரதிகளைத் தேடுவது நோன்பின் ஒரு பகுதியே. 1983 ஆம் ஆண்டு யூலை வன்செயலிலே ஹேந்தளை விஜயா கலையகம் எரிக்கப்பட்டது. இந்நாட்டுத் திரைச்செல்வத்தின் பெறுமதி மிக்க பங்கு அதனோடு சாம்பலாயிற்று. எஞ்சியவற்றைத் தேடிக் கேட்கும் ஒவ்வொரு குரலும் அவற்றைக் காக்கத் துணைசெய்யும். பொதுவிடத்தில் காட்டுமுன் உரிமையாளரின் இசைவைப் பெறுதலும் கடமை; 2003 ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் அதனை வேண்டுகின்றது. 2015 இல் தொடங்கிய யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழா, வடபுலத்திலே இத்தகைய படங்களுக்குக் கூட்டம் உண்டு என்பதை மெய்ப்பித்தது.

இறுதியாக, கணக்கு. ஒவ்வொரு படத்தின் பின்னும் ஒரு குறிப்பேட்டிலே, பார்த்தோர் தொகையும், எழுந்த வினா ஒன்றும் பதியப்பட வேண்டும். ஒரு படம் தவறினால் அடுத்த மாதத்தில் ஈடுசெய்யலாம். ஆனால் ஒரு கூறுக்குரிய இடத்தை மற்றொரு கூறுக்குக் கொடுத்தல் ஆகாது. அவ்விதி ஒன்று தளர்ந்தால், ஆண்டு முடியுமுன் இருபத்துநான்கும் ஒரே திசையிலிருந்து வந்திருக்கும். பங்குனியில் குறிப்பேட்டைத் திறந்து பார்க்கும்போது, எந்தக் கூறிலே வினாக்கள் மிகுதியாக எழுந்தன என்பது தெரியும். அடுத்த ஆண்டின் பட்டியலை அவ்வினாக்களே வகுத்துத் தரும். அப்பட்டியலில் வன்னி மண்ணிலே எடுத்த படங்கள் ஒன்றுக்கு இரண்டாகச் சேருமாயின், நோன்பு பலித்தது எனக் கொள்ளலாம்.