தானே கியர் மாறும் வண்டிக்கு வலுவூட்டல்

மதுரையினின்று திண்டுக்கல் நோக்கிச் செல்லும் பெருவழியில் வாடிப்பட்டி என்னும் ஊர் உளது. வடபால் சிறுமலை நீண்டு கிடக்க, ஊரைச் சூழ்ந்து நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் பொலிவன. அங்கு விளையும் பொருள்களைச் சந்தைக்குக் கொண்டு செல்வதில் டீசல் பிக்அப் வண்டிகளுக்குப் பெரும் பங்குண்டு. இவற்றுள் பெரும்பாலானவை கையால் கியர் மாற்றும் வண்டிகளே. எனினும் தானே கியர் மாறும் வண்டிகளும் இப்பொழுது வரத் தலைப்பட்டுள்ளன. வண்டி வாங்கியவர் அதன் எஞ்சினுக்கு இன்னும் வலிமை ஏற்ற விரும்புவது இயல்பு. அங்ஙனம் ஏற்றுமிடத்து முதற்கண் கவனிக்கத்தக்கது எஞ்சின் அன்று, கியர்ப்பெட்டியே என்பதை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாம்.

கையால் கியர் மாற்றும் வண்டியில் எஞ்சினையும் சக்கரங்களையும் இணைப்பதும் பிரிப்பதும் ஓட்டுநரின் காலால் அழுத்தப்படும் கிளச் ஆகும். தானியங்கி வண்டியில் அவ்வேலையைச் செய்வது எண்ணெய். டார்க் கன்வெர்ட்டர் எனப்படும் உருண்டைக் கலத்துள் எதிரெதிரே இரண்டு சுழலிகள் உள. எஞ்சினோடு பிணைந்த சுழலி எண்ணெயை வீசியெறிய, அவ்வேகத்தால் மற்றையது சுழல்கிறது. இடையிலுள்ள மூன்றாவது உறுப்பு, திரும்பி வரும் எண்ணெயைத் தக்க திசையில் செலுத்துதலால், வண்டி புறப்படும்பொழுது முறுக்குவிசை ஏறக்குறைய இருமடங்காகப் பெருகும். இத்தத்துவத்தை 1905-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஃபெட்டிங்கர் கப்பல்களின் பொருட்டுக் கண்டறிந்தார்.

கன்வெர்ட்டரைக் கடந்த விசை பல்சக்கரத் தொகுதிகளுக்குச் செல்லும். எந்தக் கியர் வேலை செய்ய வேண்டும் என்பதை, எண்ணெயில் தோய்ந்த கிளச் தட்டுகள் முடிவு செய்கின்றன. உராய்வுப் பூச்சுடைய தட்டும் எஃகுத் தட்டும் மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கும். எண்ணெயின் அழுத்தம் அவற்றை இறுகப் பற்றச் செய்யும். தட்டுகளின் எண்ணிக்கை, அகலம், உராய்வுத் தன்மை, அழுத்தம் ஆகிய நான்குமே இப்பற்றுதலின் அளவை நிருணயிக்கின்றன. இதனினும் மிக்க முறுக்குவிசை வந்தால் தட்டுகள் வழுக்கும். வழுக்கல் உஷ்ணமாகும், உஷ்ணத்தால் பூச்சு கருகும், கருகியது பின்னும் வழுக்கும். இங்ஙனம் கேடு தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும்.

நிற்க. உற்பத்தியாளர் எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் ஒருங்கே எண்ணியே அளவு வகுக்கின்றனர். 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் வெளிவந்த டொயோட்டா ஹைலக்ஸ் வண்டியை நோக்குக. 2.8 லிட்டர் டீசல் எஞ்சின் ஒன்றே; ஆயினும் கையால் மாற்றும் வகையில் 420 நியூட்டன் மீட்டரும், தானியங்கி வகையில் 500 நியூட்டன் மீட்டரும் முறுக்குவிசை வைத்துள்ளனர். அமெரிக்க நாட்டில் 1989-ஆம் ஆண்டு முதல் டாட்ஜ் பிக்அப் வண்டிகளில் 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டது. அத்தகைய வண்டிகளுக்கு எரிபொருளைக் கூட்டி வலிமை ஏற்றியவர் பலர், எஞ்சின் தாங்கக் கியர்ப்பெட்டி தாங்காமை கண்டனர். அதனை வலுப்படுத்துதல் ஆங்கு ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது.

அவ்வேலையின் முறை யாதெனில், முதலாவது எண்ணெயைக் குளிர்விக்கும் கருவியைப் பெரிதாக்குதல். எண்ணெய் 80 முதல் 95 பாகை செல்சியஸ் அளவில் நன்கு உழைக்கும். 120 பாகையைத் தாண்டி நெடுநேரம் நின்றால் விரைவில் கெடும். ஆதலின் உஷ்ணமானியும் வேண்டும். இரண்டாவது, எண்ணெயின் அழுத்தத்தை அளவறிந்து கூட்டுதல். மூன்றாவது, சிறந்த உராய்வுத் தட்டுகளை, இடமிருப்பின் மிகுதியாக, அடுக்குதல். நான்காவது, கன்வெர்ட்டரினுள் இருக்கும் பூட்டுக் கிளச்சை வலிதாக்குதல்; நெடுஞ்சாலையில் வழுக்கலைத் தடுப்பது இதுவே. ஐந்தாவது, விசையை உள்ளே கொணரும் தண்டை உயர்ந்த எஃகினால் அமைத்தல். இறுதியில், கியர் மாறும் நேரத்தை ஆளும் கணினியைப் புதிய வலிமைக்கு ஏற்பத் திருத்துதல். இவையனைத்தும் முடிந்த பின்னரே எஞ்சினைத் தொடுதல் முறை.

இவ்வரிசையைத் தலைகீழாக்கினால் விளைவு என்னாகும்? வாடிப்பட்டியில் தேங்காய் ஏற்றிய ஒருவர், வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் மலை ஏறுகிறார் எனக் கொள்வோம். 2,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரம். வளைவு தோறும் வேகம் தணியும். பூட்டுக் கிளச் விடுபட்டு எண்ணெய் கொதிப்பேறும். சமவெளியில் மறைந்திருந்த குறை அங்கே வெளிப்படும். பாரத்தோடு நடுமலையில் வண்டி நிற்பின், ஒருநாட் கூலி மட்டுமன்று, பலர் உயிரும் இடருக்குள்ளாகும். ஆகலின் பிரேக்குகளின் நலத்தையும் உடன் நோக்குதல் வேண்டும்.

சட்டமும் இதில் தலையிடுகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிற் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்றும் மாறுபடுமாறு வண்டியைத் திருத்துதலைத் தடுக்கின்றது. எனவே, பட்டறைக்குச் செல்லுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வினவி அறிதல் நன்று.

மாட்டுவண்டி ஓட்டிய நம் முன்னோர், பாரத்தைக் கண்டு காளையை மட்டும் தேர்ந்தாரல்லர். அச்சையும் ஆணியையும் தட்டிப் பார்த்தே நுகம் பூட்டினர். வண்டி மாறினும் அவ்வறிவு மாறத்தக்கதன்று. சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியின் வலிமையே. எஞ்சினின் ஆற்றலைக் கூட்ட விழைவோர் முதலில் அம்மெலிந்த கண்ணியைத் தேடுவாராக.