மேலாளர் நாற்காலிக்கு இளையவர் தேவை

லாபிஸ் மாடிக் கட்டடங்களின் ஊர் அல்ல. ஜோகூரில், சிகாமட்டுக்கும் யோங் பெங்குக்கும் நடுவே, ரப்பரும் செம்பனையும் வளர்த்த ஊர். வரிசை வீடும் கடைவீடும்தான் இங்கே பழக்கம். ஆனால் படித்து முடித்த பிள்ளைகளில் பலர் வேலை தேடிப் போவது ஜோகூர் பாருவுக்கும், அதைத் தாண்டி சிங்கப்பூருக்கும். போன இடத்தில் அறை எடுத்துத் தங்குவது பெரும்பாலும் ஏதோ ஒரு கொண்டோவின் பதினைந்தாவது, இருபதாவது மாடியில். அந்தக் கொண்டோவை நடத்துவதே ஒரு தொழில் என்பது மட்டும் அவர்கள் காதுக்கு எட்டுவதில்லை. நம் வீடுகளில் டாக்டராகு, வக்கீலாகு, கணக்காளராகு என்று சொல்கிறோம். கொண்டோ மேலாளராகு என்று எந்தத் தாயும் பிள்ளைக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

இளையோரை இந்த வேலைக்கு இழுக்க இலக்கவியல் கருவிகள் உதவும் என்ற பேச்சு இப்போது பரவலாகக் கேட்கிறது. கைப்பேசியில் எல்லாம் முடியும் என்றால் அவர்களாக வருவார்கள் என்பது கணக்கு. அது பாதி உண்மை. மீதிப் பாதி தெரிய வேண்டுமானால், முதலில் அந்த வேலை என்ன என்று பார்க்க வேண்டும்.

கொண்டோவில் வீடு வாங்குபவர் வீட்டை மட்டும் வாங்குவதில்லை. லிப்ட், நீர்த்தொட்டி, கூரை, கார் நிறுத்துமிடம், குப்பை அறை எல்லாம் பொதுச்சொத்து. அதைப் பராமரிக்க ஒவ்வொரு வீடும் தன் பங்கு அலகுக்கு ஏற்பக் கட்டணம் கட்ட வேண்டும். இதை ஒழுங்குபடுத்துவது 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டம், அதாவது சட்டம் 757. ஜோகூரில் 2015 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. மேம்பாட்டாளர் சாவியைக் கொடுத்தபின் முதலில் ஜே.எம்.பி. எனப்படும் கூட்டு நிர்வாக மன்றமும், பட்டா பிரிந்தபின் எம்.சி. எனப்படும் நிர்வாகக் கழகமும் பொறுப்பேற்கின்றன. இவற்றின் செயற்குழுவில் இருப்பவர்கள் வீட்டு உரிமையாளர்கள். பகலில் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். கட்டடத்தை அன்றாடம் நடத்துபவர் மேலாளர்தான்.

பணக் கணக்கு எளிது. ஓர் அலகுக்கு மாதம் 2 ரிங்கிட், ஒரு வீட்டுக்கு 130 அலகு என்று வைத்துக்கொள்வோம். பராமரிப்புக்கு 260 ரிங்கிட், அதற்கு மேல் பத்து விழுக்காடு, அதாவது 26 ரிங்கிட், பெரும் பழுதுகளுக்கான சேமிப்பான சிங்கிங் ஃபண்டுக்கு. மொத்தம் 286. முந்நூறு வீட்டுக் கட்டடத்தில் அறுபது வீடு கட்டாமல் விட்டால் மாதம் 17,160 ரிங்கிட் துண்டு விழும். லிப்ட் நிறுவனத்துக்கு யார் கொடுப்பது? பணம் ஒழுங்காகக் கட்டியவர்தான் முதலில் கீழே வந்து மேசையைத் தட்டுவார்.

செயலிகள் முதலில் கைவைத்ததும் இந்தக் கட்டண வசூலில்தான். இணையவழிக் கட்டணச் சேவையான ஜொம்பே 2015இல் வந்தது, பிறகு டூயிட்நவ் கியூ.ஆர். வந்தது. வரிசையில் நின்று காசோலை கொடுத்து, குமாஸ்தா ரசீது எழுதிய காலம் போய்விட்டது. ஐ-நெய்பர், ஜாகா ஆப் போன்ற உள்நாட்டுச் செயலிகள் வருகையாளர் பதிவு, புகார், மண்டப முன்பதிவு ஆகியவற்றைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்தன. பெங்களூரில் 2016இல் பிறந்த மைகேட் செயலியைச் சென்னை அடுக்குமாடிவாசிகளும் அறிவார்கள். காவல் சாவடியில் வருகிறவர்களின் அடையாள அட்டை எண்ணைத் திறந்த நோட்டில் எழுதி வைப்பதும், அட்டையையே வாங்கி மாட்டி வைப்பதும் குறைந்ததற்காக மட்டுமே கியூ.ஆர். குறியீட்டுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

என் பார்வையில், இளைய மேலாளருக்கு இந்தக் கருவிகள் தரும் பெரிய நன்மை வேகம் அல்ல, சாட்சி. மேலாளரைத் தூங்கவிடாத புகாரான கூரை ஒழுக்கையே எடுத்துக்கொள்வோம்.

ஒன்பதாம் மாடி வீட்டின் குளியலறைக் கூரையில் ஈரம் படர்கிறது. வெள்ளைப் பூச்சு உப்பி, உரிந்து, தரையில் விழுகிறது. மேல்வீட்டுக்காரர், "என் வீட்டில் ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது, அது பொதுக்குழாய்" என்கிறார். கீழ்வீட்டு அம்மாவோ நேராக அலுவலகம் வந்து உட்கார்ந்துவிடுகிறார். சட்டம் இங்கே தெளிவாக இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் விதிமுறைப்படி, புகார் கிடைத்த ஏழு நாளில் நிர்வாகம் நேரில் பார்க்க வேண்டும். பார்த்த ஐந்து நாளில், ஒழுக்குக்குக் காரணம் என்ன, பொறுப்பு யாருடையது என்று சான்றிதழ் தர வேண்டும். வேறு விதமாக நிரூபிக்கப்படும் வரை கோளாறு மேல்வீட்டில்தான் என்றே கொள்ள வேண்டும்.

இதைச் சொல்ல வேண்டியவர் இருபத்தாறு வயதுப் பெண் என்று வையுங்கள். கேட்க வேண்டியவர் ஓய்வுபெற்ற அறுபத்தைந்து வயதுக்காரர். "தங்கச்சி, நான் இந்த வீட்டை வாங்கினப்போ நீ பாலர் பள்ளிக்குப் போய்க்கிட்டிருந்திருப்பே" என்று ஆரம்பிப்பார். நம்மவர் என்றால் ஊர், உறவு விசாரித்து, அப்பாவைத் தெரியும் என்றும் சொல்லிவிடுவார். அதன்பின் வாய் திறப்பது கடினம். அந்த இடத்தில் புகார் வந்த நாள், நேரம், படம், மேல்வீட்டுக்குப் போன அறிவிப்பு, கதவு திறக்கப்படாத இரண்டு முறை என எல்லாமே திரையில் இருந்தால், அந்தப் பெண் குரலை உயர்த்த வேண்டியதில்லை, வயதோடு மோதவும் வேண்டியதில்லை. பழைய முறையில் இந்த வரலாறு முழுவதும் மூத்த குமாஸ்தா ஒருவரின் நினைவில் இருந்தது. அவர் ஓய்வு பெற்றால் கட்டடத்தின் வரலாறும் ஓய்வு பெற்றது. விவகாரம் ஸ்ட்ராத்தா நிர்வாக நடுவர் மன்றம் வரை போனாலும் (2,50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும்) அங்கே எடுபடுவது இந்தப் பதிவுதான்.

ஆனால் சாட்சி சொல்லும் கருவி முடிவெடுக்காது. கட்டணம் பாக்கி வைத்தவரின் நுழைவு அட்டையை முடக்க விதிமுறையே அனுமதிக்கிறது; மீண்டும் இயக்க 50 ரிங்கிட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் அதுவே சொல்கிறது. இன்று அது ஒரு பொத்தான் வேலை. பாக்கி வைத்திருப்பவர் சிங்கப்பூரில் இருக்கும் உரிமையாளர், வீட்டில் இருப்பவர் வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகும் வாடகைக்காரர் என்றால் அந்தப் பொத்தானை அழுத்துவதா? முடக்குமுன் தர வேண்டிய 14 நாள் அவகாச அறிவிப்பு யார் முகவரிக்குப் போக வேண்டும்? இன்னோர் உதாரணம்: வீட்டை நாள் வாடகைக்கு விடத் தடை போட எம்.சி.க்கு அதிகாரம் உண்டு என்று கூட்டரசு நீதிமன்றம் 2020இல் மோன் கியாரா வழக்கில் தீர்ப்பளித்தது. உங்கள் கட்டடத்தில் அதை எப்படி அமலாக்குவது? சட்டமும் கணக்கும் மனித சுபாவமும் தெரிந்தவருக்கே இங்கே வேலை, அதனால்தான் படித்த இளையோர் தேவைப்படுகிறார்கள். ரசீது எழுதுவதற்கு மட்டும் ஆள் வேண்டுமென்றால் செயலியே போதும்.

கருவிகள் கொண்டுவந்த தொல்லையையும் மறைக்கக் கூடாது. முன்பு அலுவலகம் ஐந்து மணிக்கு மூடினால் மூடியதுதான். இப்போது இரவு பதினொன்றரைக்கு மாடி வாட்ஸ்அப் குழுவில், பக்கத்து வீட்டு நாய் குரைப்பதைப் பதிவு செய்து போடுகிறார்கள். இரண்டு நீல டிக் விழுந்தும் மேலாளர் பதில் சொல்லவில்லை என்று மறுநாள் செயற்குழுவுக்குப் புகார் போகிறது. லிப்டில் ஆள் சிக்கினால் நள்ளிரவிலும் ஓட வேண்டியதுதான், அதில் மறுபேச்சில்லை. நாய்க்கும் அதே அவசரம் என்றால் எந்த இளையவர் இரண்டாம் ஆண்டைத் தாண்டுவார்? புகார்களைச் செயலி வழியாக மட்டும் வாங்கி, அவசரம் எது என்று வரையறுத்து, மற்றதற்கு வேலை நேரத்தில் பதில் என்று செயற்குழுவே எழுத்தில் அறிவிக்க வேண்டும். இதற்கு மென்பொருள் தேவையில்லை, துணிச்சல் தேவை.

தொழிலுக்கு அங்கீகாரமும் இப்போது உண்டு. மதிப்பீட்டாளர்கள், வீடு விற்பனை முகவர்களுக்கான சட்டம் 242 திருத்தப்பட்டு, 2018 ஜனவரி 2 முதல் சொத்து மேலாளர் என்பது தனிப் பதிவுள்ள தொழிலானது. கட்டணம் வாங்கிக்கொண்டு பிறர் கட்டடத்தை நிர்வகிக்க அந்தச் சட்டத்தின் கீழுள்ள வாரியத்தில் பதிவு வேண்டும். எம்.சி. தானே சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும் ஊழியர் என்றால் அந்தக் கட்டாயமில்லை. பலர் அந்த வாசல் வழியாகத்தான் நுழைகிறார்கள். கனடாவின் ஒண்டாரியோவில் 2017 நவம்பர் முதல் உரிமம் இல்லாமல் கொண்டோ மேலாளராக இருக்க முடியாது. டொரொண்டோவின் ஸ்கார்பரோ தமிழர்களுக்கு இது புதிய செய்தியல்ல. லாபிஸ் பிள்ளைகள் இதைப் படிக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஸ்கூடாயில் யூ.டி.எம்., பாத்து பகாட்டின் பாரிட் ராஜாவில் யூ.டி.எச்.எம். இரண்டிலும் சொத்துடைமை சார்ந்த பட்டப்படிப்பு இருக்கிறது.

நேர்காணலுக்குப் போகிறவர் எந்தச் செயலி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதற்கு முன், வேறு சிலவற்றைக் கேட்பது நல்லது. கட்டணப் பாக்கி எத்தனை மாதத்துக்கு நிற்கிறது? சிங்கிங் ஃபண்ட் தனிக் கணக்கில் இருக்கிறதா, அதிலிருந்து அன்றாடச் செலவுக்கு எடுத்திருக்கிறார்களா? போன ஆண்டின் தணிக்கைக் கணக்கைக் காட்டுவார்களா? இரண்டு ஆண்டில் எத்தனை மேலாளர் மாறியிருக்கிறார்கள்? செயலி நிறுவனத்தை மாற்றினால் பழைய புகார்ப் பதிவுகள் யார் கையில் இருக்கும்? கடைசிக் கேள்விக்குச் செயற்குழுவினர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால், சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிக் கேட்கலாம். முதல் ஆறு மாதம் பழைய கோப்புகளைத் தட்டச்சு செய்வதிலேயே போகும்.