மாட்டு வண்டியிலிருந்து சட்டைப் பைக்கு

1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலைப் படம் எடுக்க வந்த லின்னியஸ் டிரைப், தன் கேமராவை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். சென்னை மாகாண அரசு புகைப்படக்காரராக நியமித்திருந்த ராணுவ அதிகாரி அவர். மரப்பெட்டிக் கேமரா, முக்காலி, ரசாயனப் புட்டிகள், நெகட்டிவுக்கான காகிதங்கள் என்று சாமானுக்குக் குறைவில்லை. கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 பிரதிகளை வரிசையாக ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அந்தப் பொறுமைக்குத் தனியாக ஒரு வண்டி தேவைப்பட்டிருக்கும்.

ஐந்து வருடம் கழித்து சிம்லாவிலிருந்து இமயமலைக்குள் புறப்பட்ட சாமுவேல் போர்னுக்கு வண்டியே போக முடியாத பாதை. ஏறத்தாழ முப்பது சுமைகூலிகளின் முதுகில் சாமான்கள் ஏறின. 1866-ல் அதே மனிதர் 18,600 அடி உயரத்தில் இருக்கும் மணிரங் கணவாய்வரை கண்ணாடித் தகடுகளைக் கொண்டுபோய்ப் படம் எடுத்தார். அன்று நெகட்டிவ் எவ்வளவு பெரிதோ, பெரும்பாலும் அவ்வளவுதான் படமும். சிறியதை எடுத்துப் பெரிதாக்கும் வழி நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. அதனால் பெரிய படம் வேண்டும் என்றால் பெரிய கேமரா, அதற்கேற்ற பெரிய லென்ஸ், இரண்டையும் தூக்க ஆட்கள்.

இந்தச் சங்கிலியை அறுத்தவர் ஓர் ஆஸ்துமா நோயாளி. ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்நாக்குக்கு மலை நடையும் புகைப்படமும் பிடிக்கும். தகட்டுக் கேமராவைச் சுமந்து ஏறத்தான் மூச்சு இடம்கொடுக்கவில்லை. சினிமாப் படச்சுருளை எடுத்து, 24-க்கு 36 மி.மீ. அளவில் சின்ன நெகட்டிவ், அதிலிருந்து பெரிய பிரதி என்று அவர் யோசித்ததுதான் லைக்கா. 1925-ல் லைப்சிக் சந்தையில் அது வெளிவந்தபோது, முன்னால் இருந்தது மாக்ஸ் பெரெக் வடிவமைத்த 50 மி.மீ. லென்ஸ். வேலை முடிந்ததும் அதன் குழலை உள்ளே தள்ளிவிட்டால் கேமரா கோட்டுப் பைக்குள் போய்விடும். இன்று கடைக்காரர்கள் ‘ஃபுல் ஃபிரேம்’ என்று விலை சொல்லும் சென்சாரின் அளவு, பார்நாக் அன்று வெட்டிய அதே 24-க்கு 36 தான்.

கேமரா இப்படி இளைத்த பிறகு, லென்ஸ் மறுபடி பருத்ததுதான் வேடிக்கை. முதல் கேமராவை வாங்கிய ஆறாவது மாதத்தில், “எஃப் 2.8 லென்ஸ் இல்லாமல் எப்படி ஊருக்குப் போவது?” என்று ஒருவர் கேட்க ஆரம்பித்துவிடுகிறார். நிக்கானின் இசட் வரிசையில் 14-24, 24-70, 70-200 என மூன்று எஃப் 2.8 ஜூம்களையும் ஓர் இசட் 6 இரண்டாம் பதிப்புக் கேமராவையும் பையில் வைத்தால் மூன்றரைக் கிலோ. நம் உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பொதுவாக அனுமதிப்பது 7 கிலோ. பாதி அங்கேயே போயிற்று. சட்டை துணிமணிகளை எங்கே வைப்பது?

அந்த 2.8 என்ற எண்ணுக்குள்தான் எடையின் ரகசியம் இருக்கிறது. லென்ஸின் குவியத் தூரத்தை, ஒளி நுழையும் வாசலின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். 200 மி.மீ. லென்ஸ் எஃப் 2.8 ஆக இருக்க வேண்டுமானால் வாசல் 71 மி.மீ. அகலம் வேண்டும். எஃப் 5.6 போதும் என்றால் 36 மி.மீ. அகலமே போதும். வாசல் அகலமானால் கண்ணாடிகள் அகலமாக வேண்டும், தடிமனும் கூடும், அவற்றைத் தாங்கும் குழலும், நகர்த்தும் மோட்டாரும் பெருக்கும். கேனானின் ஆர்எஃப் 70-200 எஃப் 2.8 லென்ஸ் 1,070 கிராம். அதே வீச்சில் எஃப் 4 லென்ஸ் 695 கிராம். நிக்கானின் 24-70-ல் இந்தக் கணக்கு 805-க்கு 500. வித்தியாசம் ஒரே ஒரு ‘ஸ்டாப்’, அதாவது பாதி ஒளி.

அந்தப் பாதி ஒளிக்காக முந்நூறு கிராம் சுமக்கலாமா? ஃபிலிம் காலத்தில் சுமந்தார்கள். ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண் 400-ஐத் தாண்டினால் படம் மணல் மணலாகத் தெரியும். இன்றைய சென்சார்கள் 3,200-ஐச் சாதாரணமாகத் தாங்குகின்றன. கேமராவுக்குள்ளேயே நடுக்கம் தணிக்கும் அமைப்பும் வந்துவிட்டது. கல் தூண் அசையாது, ஆகவே மண்டபத்து இருட்டில் அது கைகொடுக்கும். அதே மண்டபத்தில் ஓடுகிற குழந்தையை அது நிறுத்தாது. அங்கே உண்மையாகவே அகல வாசல் வேண்டும். கல்யாணப் படம் எடுப்பவர் எஃப் 2.8-ஐ விட மாட்டார், விடவும் கூடாது. காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் நடுவில் ஊர் சுற்றுகிறவருக்கு எஃப் 4 தாராளம்.

சென்சாரின் அளவும் சேர்ந்துகொள்ளும். சென்சார் சிறுத்தால் அதே காட்சிக்குக் குவியத் தூரமும் சிறுக்கும். ஃபுல் ஃபிரேமில் முகப்படத்துக்கான நிக்கான் 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் 470 கிராம். சிறிய சென்சார் கொண்ட மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராவில் கிட்டத்தட்ட அதே காட்சிக்கோணம் தரும் ஒலிம்பஸ் 45 மி.மீ. எஃப் 1.8 வெறும் 116 கிராம். பின்னணி அந்த அளவுக்கு மங்காது என்பது உண்மை. ஆனால் ஊருக்குப் போய் எடுக்கும் முகத்துக்குப் பின்னால் அந்த ஊர் கொஞ்சம் தெரிந்தால் என்ன குறைந்துவிடும்?

தட்டை லென்ஸ்கள் என்று ஒரு குலம் உண்டு, ஆங்கிலத்தில் பான்கேக். நம்மூரில் பிறந்திருந்தால் ஊத்தப்பம் என்று பெயர் வைத்திருப்போம். 1902-ல் சைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் நான்கே கண்ணாடிகளில் டெஸ்ஸார் என்ற அமைப்பை உருவாக்கினார். பிற்காலத் தட்டை லென்ஸ்கள் பலவும் அதன் பேரப்பிள்ளைகள். கேனான் 2012-ல் கொண்டுவந்த 40 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் 23 மி.மீ. தடிமன்கூட இல்லை, எடை 130 கிராம். மிரர்லெஸ் கேமராக்களுக்கு வந்தால் கேனான் ஆர்எஃப் 28 மி.மீ. 120 கிராம், நிக்கான் இசட் 26 மி.மீ. 125 கிராம், ஃபுஜியின் 27 மி.மீ. 84 கிராம். ஜூமிலும் இந்த விந்தை நடந்திருக்கிறது. பானசோனிக் 12-32 ஜூம் 70 கிராம்தான். ஒரு கோழி முட்டையைவிடச் சற்றுக் கூடுதல். இவற்றில் பலவும் சட்டைப் பையில் போகும்.

இளைப்பு இலவசமாகக் கிடைப்பதில்லை. சிறிய லென்ஸ்களில் பல, நேர்கோட்டை லேசாக வளைத்தும் மூலைகளை இருட்டடித்துமே படத்தை உருவாக்குகின்றன. கேமராவின் மென்பொருள் அதைச் சத்தமில்லாமல் நிமிர்த்திவிடுகிறது. முடிவைப் பார்ப்பவருக்கு இது தெரியப்போவதில்லை என்பதால் பெரிய குற்றமாகச் சொல்ல முடியாது. மழையும் புழுதியும் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் பல மலிவு லென்ஸ்களில் இராது என்பதுதான் கவலைப்பட வேண்டியது. பிடிமானம் உலோகமா பிளாஸ்டிக்கா என்று பார்த்து மூக்கைச் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். பயணத்தில் பிளாஸ்டிக் ஒரு வரம்.

என்ன வாங்கலாம் என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் வாங்குபவரின் கம்ப்யூட்டரிலேயே கிடக்கிறது. ஒவ்வொரு டிஜிட்டல் படமும் எந்தக் குவியத் தூரத்தில் எடுத்தது என்ற தகவலைத் தன்னுள் வைத்திருக்கும். கடைசி இரண்டு பயணங்களின் படங்களைத் திறந்து, பிடித்த ஐம்பதை மட்டும் பொறுக்கி, அந்த எண்களைக் குறித்துப் பார்க்கலாம். 70-200 வாங்கத் துடிப்பவரின் ஐம்பதில் நாற்பது 35 மி.மீ.க்குப் பக்கத்தில் விழுந்திருந்தால், அவர் வாங்கவிருப்பது தான் எடுக்கும் படத்துக்கான லென்ஸ் அல்ல, எடுப்பதாகக் கனவு காணும் படத்துக்கானது.

இன்னொரு கேள்வியைக் கடைக்காரர் கேட்க மாட்டார்: பையில் உள்ள செல்போன் ஏற்கெனவே எதைச் செய்கிறது? பெரும்பாலான போன்களின் முதன்மைக் கேமரா 24 முதல் 26 மி.மீ. வரையான லென்ஸுக்குச் சமமான அகலக் காட்சி தருவது. தஞ்சை விமானத்தின் உயரம் சுமார் 66 மீட்டர். 28 மி.மீ. லென்ஸை நெடுக்காகப் பிடித்தால் 30 மீட்டர் தள்ளி நின்று தரையிலிருந்து கலசம்வரை அடக்கலாம், 50 மி.மீ. என்றால் 80 மீட்டர் பின்னால் போக வேண்டும். இந்த வேலையைப் போனே வெயிலில் திருப்தியாகச் செய்துவிடும். ஆகவே ஒரே ஒரு சிறிய லென்ஸ்தான் என்று முடிவு செய்பவர், போனுக்குப் போட்டியாக இன்னோர் அகல லென்ஸ் வாங்குவதைவிட 40 அல்லது 50 மி.மீ. பக்கம் போவது புத்திசாலித்தனம். ஆறடி தூரத்தில் டீ ஆற்றுகிறவரின் முகத்தை மூக்கு நீளாமல் எடுப்பது அதுதான். கையில் உள்ளது பீரங்கிபோல் இல்லாததால் அவரும் டீயை ஆற்றிக்கொண்டே இருப்பார். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் வாழ்நாளின் பெரும்பகுதியை 50 மி.மீ. லென்ஸோடு கழித்தவர், 1948 ஜனவரியில் காந்தியின் கடைசி நாட்களைப் பதிவுசெய்தவர்களில் அவரும் ஒருவர்.

எல்லோராலும் ஒற்றைக் குவியத்தோடு இருக்க முடியாது. மனைவி, பிள்ளைகள், அத்தை, ஒன்பதரை மணிக்குக் கிளம்பும் வேன் என்று போகிறவருக்கு நடந்து நடந்து சட்டகம் அமைக்க நேரமில்லை. அவருக்கு 24-200 போன்ற ஒற்றை நெடுஜூம் பொருத்தம். நிக்கானின் இசட் வரிசையில் அது 570 கிராம். 1992-ல் டாம்ரான் 28-200 லென்ஸைச் சந்தைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து இவ்வகையை ‘எல்லாம் சுமார்’ என்று கேலி செய்பவர்கள் உண்டு. தனுஷ்கோடியில் மணல் காற்று வீசும்போது லென்ஸைக் கழற்றி மாட்டிப் பார்த்தவர்கள் கேலி செய்வதில்லை. சென்சாரில் ஒட்டிய தூசு, பிறகு எடுக்கும் ஒவ்வொரு வானத்திலும் புள்ளியாக வந்து நிற்கும். கூடவே 170 கிராம் எடையுள்ள 40 மி.மீ. எஃப் 2 லென்ஸ் ஒன்று பையில் இருந்தால் இரவுக் கடைத்தெருவுக்கும் வழி உண்டு. அப்போதும் கேமராவோடு சேர்த்து ஒன்றரைக் கிலோதான்.

பறவை பார்ப்பவர்கள் மட்டும் இந்தச் சிக்கனத்துக்குள் அடங்க மாட்டார்கள். வேடந்தாங்கலில் மரத்து நாரையை எட்டிப் பிடிக்க 300 மி.மீ. குறைந்தபட்சம். அங்கேயும் ஒரு வழி பிறந்திருக்கிறது. கலங்கரை விளக்கத்துக்காக ஃபிரெனெல் என்ற பிரெஞ்சுக்காரர் 19-ஆம் நூற்றாண்டில், தடித்த கண்ணாடிக்குப் பதில் வளைய வளையமாகப் படிகள் வெட்டிய மெல்லிய கண்ணாடியை உருவாக்கினார். அதை நினைவூட்டும் நுண்வளையக் கண்ணாடி ஒன்றை உள்ளே வைத்து நிக்கான் 2015-ல் தன் 300 மி.மீ. எஃப் 4 லென்ஸை மறுபடி செய்தது. பழையது 1,440 கிராம், புதியது 755.

கிராம் கணக்கு எங்கே படமாக மாறுகிறது என்பதற்கு கேலன் ரோவெல் நல்ல உதாரணம். மலையேறியான இந்த அமெரிக்கப் புகைப்படக்காரர், ஓட்டத்துக்கும் ஏற்றத்துக்கும் இடைஞ்சல் தராத சிறிய கேமராக்களையே விரும்பியவர். 1981-ல் லாசாவில், தூரத்தில் ஒரு வானவில்லைக் கண்டார். அது போட்டாலா அரண்மனையின் மேல் வந்து இறங்குகிற கோணத்தைத் தேடி, 12,000 அடி உயரத்தின் மெல்லிய காற்றில் ஓடினார். வானவில் அரண்மனைமேல் வந்ததும் எடுத்தார். தோளில் மூன்றரைக் கிலோவோடும் ஓடலாம்தான். எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி.

வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கழுத்தில் மாட்டித் திரிவது உத்தமம். பழைய லென்ஸ் வாங்குபவர் முன்மூடி, பின்மூடி இரண்டையும் கழற்றி, ஒரு பக்கமிருந்து டார்ச் அடித்து மறுபக்கம் பார்க்க வேண்டும். சிலந்தி வலைபோல் மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, எவ்வளவு மலிவானாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம். சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் தோல் உறைக்குள் மாதக்கணக்கில் கிடக்கும் லென்ஸுக்கு இது சீக்கிரம் வரும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் மணிகளோடு போட்டு வைத்தால் தப்பிக்கும். நீல மணிகள் ஈரம் குடித்து இளஞ்சிவப்பானதும், பழைய வாணலியில் மெதுவாகச் சூடாக்கினால் மறுபடி நீலமாகும். அந்த வாணலியில் அப்புறம் சமைக்கக் கூடாது.