கருவிலிருக்கும் மூளைக்கு ஒரு வரைபடம்

மருத்துவ மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்துவரும் 'கிரேஸ் அனாடமி' 1858இல் லண்டனில் வெளிவந்தது. அதன் படங்களை வரைந்த ஹென்றி வாண்டைக் கார்ட்டர் அதே ஆண்டு பம்பாய்க்குக் கப்பலேறினார். அங்கே கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தினார், தொழுநோயை ஆராய்ந்தார். உடற்கூறு ஓவியத்துக்கும் இந்தியாவுக்கும் இப்படியொரு பழைய உறவு உண்டு. ஆனால் மூளையின் பெரிய வரைபடங்கள் பெரும்பாலும் மேற்கிலேயே உருவாயின. ஆய்வாளர்கள் நெடுங்காலம் நம்பியிருந்த 1988ஆம் ஆண்டின் தலைராக் அட்லஸ், 60 வயதுப் பெண் ஒருவரின் மூளையை மட்டுமே வைத்து வரையப்பட்டது.

2024 டிசம்பரில் சென்னை ஐஐடி வெளியிட்ட 'தரணி' அந்த வரிசையில் வந்த புது வரவு. இது பெரியவர்களின் மூளையைப் பற்றியதல்ல. கருவின் நான்காம் மாதம் தொடங்கி ஆறாம் மாதம் வரையிலான ஐந்து மூளைகளைப் பற்றியது.

ஏன் அந்த மாதங்கள்? நியூரான்கள் மூளையின் உட்குழிகளை ஒட்டிய சுவரில் பிறந்து, வெளிப்புறம் நோக்கி நகர்ந்து, அடுக்கடுக்காகக் குடியேறும் காலம் அது. வழவழப்பாக இருக்கும் மேற்பரப்பில் முதல் மடிப்புகள் விழுவதும் அப்போதுதான். கர்ப்பிணிக்கு எடுக்கும் ஸ்கேனில் மூளையின் உருவம் தெரியும், செல்கள் தெரியாது. செல்லைப் பார்க்க மூளையை உறையவைத்து, தலைமுடியைவிட மெல்லிதாகச் சீவி, சாயமேற்றி, ஒவ்வொரு சீவலையும் மிக நுணுக்கமாகப் படமெடுக்க வேண்டும். ஒரு சீவல் கிழிந்தாலும் மடிந்தாலும் அந்த இடத்தின் தகவல் போய்விடும். இப்படி 5,132 சீவல்களைப் படமாக்கி, கணினியில் அடுக்கி முப்பரிமாணத்தில் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பொறுமைக்கே தனிப் பாராட்டு வேண்டும்.

பேராசிரியர் மோகனசங்கர் சிவப்பிரகாசம் தலைமையிலான சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தின் பணி இது. மெடிஸ்கேன், சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும் கைகோத்தனர். இயல்பான வளர்ச்சி செல் அளவில் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான், குறைமாதக் குழந்தைகளின் மூளையில் எது தவறியது என்று ஒப்பிட்டுச் சொல்ல முடியும்.

அட்லஸ் இணையத்தில் இலவசம். வீட்டிலிருந்தும் திறந்து பார்க்கலாம். 2022இல் தொடங்கிய திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற புதிய கல்லூரிகள் இதை முதலாண்டு உடற்கூறு வகுப்பிலேயே திரையிட்டுக் காட்ட வேண்டும்.