கொலராடோ ஆற்றின் பதினைந்து மைல் பகுதி: மீன்களுக்கான நீருரிமையும் அதன் வரம்பும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், பாலிசேடு ஊருக்கருகே பாசனக் கால்வாய்கள் பிரியும் இடம் முதல் கன்னிசன் ஆறு வந்து கலக்கும் இடம் வரையிலான கொலராடோ ஆற்றுப்பகுதி 'பதினைந்து மைல் பகுதி' எனப்படுகிறது. கோடையின் பிற்பகுதியில் இங்கு நீரோட்டம் மிகவும் மெலிந்துவிடும். அழியும் நிலையில் உள்ளனவாக அறிவிக்கப்பட்ட கொலராடோ பைக்மின்னோ, ரேசர்பேக் சக்கர் ஆகிய மீன்களின் வாழிடமும் இதுவே.

அம்மாநில நீருரிமை 'முந்தியவருக்கே முதலுரிமை' என்னும் நெறியைச் சார்ந்தது. நீரை ஆற்றிலிருந்து வெளியே திருப்பிப் பயன்கொண்டோர்க்கே தொடக்கத்தில் உரிமை கிட்டியது. 1973ஆம் ஆண்டுச் சட்டம், இயற்கைச் சூழலைக் காக்கும்பொருட்டு நீரை ஆற்றிலேயே ஓடவிடும் உரிமையையும் ஏற்றது; அதனைப் பெறும் தகுதியை மாநில நீர்ப்பாதுகாப்பு வாரியத்திற்கு மட்டுமே அளித்தது.

எனினும், உரிமை பதிவானதால் நீர் வந்துவிடவில்லை. இப்பகுதிக்கான ஓட்டவுரிமை 1990களில் பெறப்பட்டது. கிராண்டு பள்ளத்தாக்குப் பாசனத்தின் மூத்த உரிமைகளுள் ஒன்றோ 1912ஆம் ஆண்டுக்குரியது. வறட்சியில் உரிமையின் நோக்கம் பார்க்கப்படுவதில்லை; ஆண்டே பார்க்கப்படுகிறது. உழவரின் உரிமையும் சட்டம் காக்கும் சொத்தே என்பதால் அதனைப் பறித்தலும் எளிதன்று.

ஆகவே நீர்த்தேக்கங்கள் நாடப்பட்டன. குறிப்பிட்ட பயனுக்கெனத் தேக்கத்திலிருந்து திறக்கப்படும் நீரை, மூத்த உரிமையாளரும் இடைவழியில் எடுத்துக்கொள்ள இயலாது. 1999ஆம் ஆண்டின் கூட்டாட்சி உயிரியல் கருத்துரையை ஒட்டி, நீர்ப்பயனாளர்கள் ஆண்டுதோறும் 10,825 ஏக்கர்-அடி (ஏறத்தாழ 1.33 கோடி கனமீட்டர்) நீரை இம்மீன்களுக்கென அளிக்க இசைந்தனர். பின்னர் ஏற்பட்ட நிலையான உடன்பாட்டின்படி அதில் பாதி ருயேடி தேக்கத்திலிருந்தும், மறுபாதி கிரான்பி தேக்கத்திலிருந்தும் திறக்கப்படுகிறது. மீன்களுக்கு எஞ்சும் ஓட்டத்தைப் பாலிசேடு அருகே, கால்வாய்த் தலைப்புக்குக் கீழுள்ள அளவை நிலையம் பதிவுசெய்கிறது.